பரிசுப்பெட்டியும் சுங்கத் தீர்வையும்

சவுத்தாலில் தீபாவளி நெருங்கும்போது கடைவாசல்களில் பரிசுப்பெட்டிகள் கோபுரமாக ஏறும். பஞ்சாபிக் கடைகளில் உலர்பழத் தட்டுகள். நம்மவர் கடைகளில் முறுக்கு, முந்திரி, சாக்லேட், ஊதுபத்தி எல்லாம் சேர்ந்த அட்டைப்பெட்டிகள். ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சரக்கு, கிடங்கு, சுங்கம் என்று ஏதாவது ஒன்றில் வேலை பார்ப்பவர்கள் இங்கே நிறைய. நானும் சில காலம் இறக்குமதிப் பத்திரங்கள் நிரப்பியவன். கடைக்காரர்கள் அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது: "பெட்டி ஒண்டுதானே தம்பி, வரியும் ஒண்டாத்தானே இருக்க வேணும்?" பெரும்பாலும் அப்படி இல்லை. ஏன் இல்லை என்பது கொஞ்சம் சுவாரசியமான விஷயம்.

உலக வாணிபத்தில் நகரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்தப் பட்டியல் 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதன்பின் இந்தியா எட்டு இலக்கம்வரை போகிறது, பிரிட்டன் இறக்குமதிக்குப் பத்து இலக்கம் கேட்கிறது. சென்னையில் முந்திரிப்பருப்பு 0801 என்றால் லண்டனிலும் 0801தான். எந்த எண் என்பதைப் பொறுத்தே தீர்வை. பிரிட்டனின் பொதுத் தீர்வைப் பட்டியலில் முந்திரிக்கு ஒன்றுமில்லை, சாக்லேட்டுக்கு உண்டு. ஆகவே கலவையான ஒரு பெட்டிக்கு எந்த எண் என்பது வெறும் குமாஸ்தாக் கேள்வி அல்ல, காசுக் கேள்வி.

இதற்கென்று இருப்பது பட்டியலின் பொது விளக்க விதிகளில் மூன்றாவதன் இரண்டாம் பிரிவு. சில்லறை விற்பனைக்காக ஒன்றாக வைக்கப்பட்ட தொகுதி என்றால், அதற்கு அடிப்படை இயல்பைத் தரும் பொருள் எதுவோ அதன் எண்ணே முழுத் தொகுதிக்கும். ஆனால் தொகுதி என்று பெயர் வாங்குவதற்கு மூன்று நிபந்தனைகள். வெவ்வேறு எண்களில் விழக்கூடிய இரண்டு பொருளாவது இருக்கவேண்டும். மறுபடி பிரித்துக் கட்டாமல் அப்படியே வாங்குபவர் கையில் கொடுக்கத் தக்கதாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் எளிது. மூன்றாவதுதான் கண்டம்: எல்லாப் பொருட்களும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தேவையை, அல்லது ஒரு குறிப்பிட்ட வேலையை நிறைவேற்றவேண்டும்.

அமைப்பின் விளக்கக் குறிப்புகள் உதாரணம் தருகின்றன. வேகவைக்காத ஸ்பகெட்டி, துருவிய சீஸ் பொட்டலம், சின்ன டப்பாவில் தக்காளி சாஸ், மூன்றும் ஒரே பெட்டியில்: இது தொகுதி, முழுவதும் ஸ்பகெட்டியின் 1902இல் போகும். முடிவெட்டும் மின்கருவி, சீப்பு, கத்தரிக்கோல், பிரஷ், துண்டு, தோல்பை: இதுவும் தொகுதிதான், எல்லாம் மின்கருவியின் 8510. ஆனால் இறால் டப்பா, ஈரல் விழுது, சீஸ், பன்றி இறைச்சி, சிறு சாஸேஜ்கள் என்று அடுக்கிய பெட்டி தொகுதி அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி எண்ணுக்குப் போகவேண்டும். ஒரு புட்டி பிராந்தியும் ஒரு புட்டி திராட்சை மதுவும் சேர்ந்து வந்தாலும் அதே கதி.

நம் தீபாவளிப்பெட்டி இந்த இறால் டப்பாவின் இனம். முறுக்கு 1905, சாக்லேட் 1806, முந்திரி 0801, பேரீச்சம்பழம் 0804, ஊதுபத்தி 3307. இவை சேர்ந்து செய்யும் வேலை என்ன? கொடுப்பவர் மனதில் 'தீபாவளி வாழ்த்து' என்ற ஒரே எண்ணம் இருக்கலாம். பரிசளிப்பது மட்டும் விதி கேட்கும் குறிப்பிட்ட வேலையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதனால் ஒரு பெட்டிக்கு ஐந்து வரி எழுதவேண்டும், விலையையும் ஐந்தாகப் பிரித்துக் காட்டவேண்டும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு முகவர் ஒருவர் எல்லாவற்றையும் முந்திரி என்றே போட்டுக்கொடுத்தார். இரண்டு வருடம் கழித்துத் தபாலில் பாக்கி கேட்டுக் கடிதம் வந்தது. பிரிட்டனில் மூன்று ஆண்டுவரை பின்னோக்கிப் போய்க் கேட்க முடியும். முகவர் அதற்குள் கடையை மாற்றிவிட்டிருந்தார்.

பொங்கல் கதை வேறு. பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய் என்று அளவாக ஒரு பெட்டியில் போட்டு 'சர்க்கரைப் பொங்கல் செய்ய' என்று விற்றால், அது ஸ்பகெட்டிப் பெட்டிக்கு நேர் சகோதரம். ஒரு பண்டம் சமைக்கச் சேர்ந்து பயன்படும் உணவுப்பொருட்கள் தொகுதியாகும். இயல்பைத் தருவது எது என்று எடை, அளவு, விலை, பயனில் அதற்குள்ள பங்கு இவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். அரிசிதான் என்பது என் கட்சி. வெல்லம் இல்லாமல் வெண்பொங்கலாவது வரும், அரிசி இல்லாமல் என்ன வரும்? அரிசிக்கும் சர்க்கரைக்கும் பிரிட்டனில் எடைக்கணக்கில் தீர்வை என்பதால் இந்த வாதம் சும்மா இல்லை. எதையும் தீர்மானிக்க முடியாவிட்டால், போட்டியிடும் எண்களில் பட்டியலில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள் என்கிறது மூன்றாம் பிரிவு.

இதே அளவுகோலைத் தமிழக அரசின் பொங்கல் பரிசுத் தொகுப்பில் வைத்துப் பார்த்தேன், ஒரு வேடிக்கைக்காக. 2022இல் கொடுத்த 21 பொருட்களில் மிளகாய்த்தூள், கடுகு, கோதுமை மாவு எல்லாம் இருந்தன. அது மளிகை, தொகுதி அல்ல. 2023இல் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக்கரும்பு, ஆயிரம் ரூபாய். அரிசியும் சர்க்கரையும் தேறலாம். கரும்பை யாரும் பானைக்குள் போடுவதில்லை.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சாதாரணப் பெட்டி உள்ளிருக்கும் பொருளோடு போய்விடும். ஆனால் வெள்ளிச் சிமிழில் தேயிலை, அலங்காரப் பீங்கான் கிண்ணத்தில் மிட்டாய் என்றால் போகாது என்று அதே குறிப்புகள் சொல்கின்றன. இலங்கைத் தேயிலையை வேலைப்பாடமைந்த பேழைகளில் அடைத்துக் கொண்டுவருபவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

'ஒரே தேவை' என்பதை எவ்வளவு இழுக்கலாம்? அமெரிக்காவில் எஸ்டீ லாடர் நிறுவனத்தின் பண்டிகைக்கால ஒப்பனைப்பெட்டியைச் சுங்கத்துறை தனித்தனிப் பொருளாகப் பிரித்தது. பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2012இல் அதை ஒரே தொகுதியாக ஏற்றது. முகப்பூச்சுக்கான 3304தான் முழுப் பெட்டிக்கும். பித்தளை விளக்கு, திரி, கற்பூரம், ஊதுபத்தி அடங்கிய பூஜைப்பெட்டிக்கு நான் இதே வழியில் வாதாடுவேன். வழிபாடு ஒரு குறிப்பிட்ட வேலை இல்லையென்றால் வேறெது?

இந்தியாவின் உள்நாட்டு வரி இதை நேரெதிராகப் பார்க்கிறது. 2017 ஜூலை 1இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம் 'கலப்பு வழங்கல்' என்பதற்குக் காட்டும் உதாரணமே பரிசுப்பெட்டி மாதிரியான ஒன்றுதான்: டப்பா உணவு, இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், பானங்கள், பழச்சாறு எல்லாம் ஒரே விலைக்கு. அங்கே பிரிப்பதில்லை, உள்ளே எதற்கு அதிக வரியோ அது முழுப் பெட்டிக்கும். சென்னையில் ஒன்றாக வரி கட்டும் பெட்டி சவுத்தாலுக்கு வரும்போது ஐந்தாக உடைகிறது.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பார்சலுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டுக்குள் என்றால் இறக்குமதி வாட் கிடையாது. 135 பவுண்டுவரை சுங்கத் தீர்வை கிடையாது. அதற்குமேல் 630வரை பொதுவாக இரண்டரை விழுக்காடு. மதுவும் புகையிலையும் இந்தக் கணக்கில் சேராது; நெய், பால் சேர்ந்த இனிப்புகளுக்குத் தனியாகச் சுகாதார விதிகள் உண்டு.

வியாபாரமாகக் கொண்டுவருபவர் சரக்கு ஏறும் முன்பே எச்.எம்.ஆர்.சி.யிடம் முன்கூட்டிய வகைப்படுத்தல் தீர்ப்பு கேட்கலாம். கட்டணம் இல்லை, கிடைத்தால் பொதுவாக மூன்று ஆண்டு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பெட்டியின் படம், ஒவ்வொரு பொருளின் எடை, விலை, சேர்மானம் எல்லாம் விண்ணப்பத்தோடு கொடுக்கவேண்டும். 'அன்பளிப்புப் பெட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.