லினக்ஸ் கெர்னலின் ஏற்ற முகவரி

கணினி உயிர்பெறும்போது லினக்ஸ் இயக்குதளத்தின் மையமான கெர்னல், பௌதிக நினைவகத்தில் எந்த இடத்தில் வந்து அமர்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே ஏற்ற முகவரி. இன்டெல் வகைக் கணினிகளில் கெர்னலை கம்பைல் செய்பவர் இதை 'பிசிகல் ஸ்டார்ட்' என்ற அமைப்பின் மூலம் மாற்றலாம். முகவரியைக் குலுக்கிப்போடும் பாதுகாப்பு உத்தி பிற்காலத்தில் புகழ்பெற்றதால், இந்த வசதியே தாக்குதலுக்கு அஞ்சிப் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. கெர்னலை ஓரிடத்தில் கட்டிப்போட்டது பழைய வன்பொருள். கட்டை அவிழ்த்தது, இறந்த கெர்னலுக்குப் பிரேதப் பரிசோதனை செய்யவேண்டிய தேவை.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு, வட்டிலிருந்து 64ஆவது கிலோபைட்டில் ஏறி, பிறகு நினைவகத்தின் அடிக்கே, அதாவது பூஜ்ய முகவரிக்கு, நகர்ந்தது. நேராக அங்கேயே ஏறியிருக்கலாமே என்றால், வட்டைப் படித்துக்கொடுக்கும் பயாஸின் குறுக்கீட்டு அட்டவணை அங்கேதான் இருந்தது. வேலை முடியும்வரை அதை அழிக்க முடியாது. 640 கிலோபைட்டுக்கு மேல் ஒரு மெகாபைட்வரை திரை நினைவகமும் ரோமும் பிடித்துக்கொண்டன. இந்த நெருக்கடியில் சுருக்கிய கெர்னல் 512 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உண்டானது. அது போதாமல் போகவே, 1996இல் ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஏறும் 'பிஜீஇமேஜ்' வந்தது. பெயரின் முதலெழுத்து 'பெரிய' என்பதைக் குறிப்பது. பிஜிப் சுருக்கமுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இடம் மாறியதே தவிர, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போதும் வரவில்லை.

அந்த உரிமை 2005இல், 2.6.13 பதிப்பில் சேர்ந்த கேஎக்ஸெக், கேடம்ப் வசதிகளோடு வந்தது. கெர்னல் நிலைகுலைந்தால் அதன் நினைவகத்தை யாராவது படித்துச் சேமிக்கவேண்டும். நிலைகுலைந்த கெர்னலையே நம்பி வட்டில் எழுதச் சொல்வது ஆபத்து. ஆகவே ஒதுக்கிவைத்த பகுதியில் இரண்டாவது கெர்னல் ஒன்று காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் பயாஸைத் தொடாமலே கேஎக்ஸெக் வழியாக அது ஓடத் தொடங்கும். முதலாவதன் இடத்திலேயே இது அமர்ந்தால் தடயம் அழியும். அதைவிட நுட்பமான காரணமும் உண்டு: கெர்னல் விழுந்த செய்தி பிணைய அட்டைக்கோ வட்டுக் கட்டுப்படுத்திக்கோ தெரியாது, அவை டிஎம்ஏ வழியாக, அதாவது செயலியின் துணையின்றி நேரடியாக, பழைய இடங்களில் எழுதிக்கொண்டே இருக்கும். யாருக்கும் கொடுக்கப்படாத பகுதி மட்டுமே பத்திரமானது. எனவே ஒரு மெகாபைட்டில் ஓட ஒன்று, 16 மெகாபைட்டில் ஓட இன்னொன்று என இரண்டு கெர்னல்களை கம்பைல் செய்தார்கள். இந்த இரட்டை வேலை சலிக்கவே, 2007இல் 2.6.20 பதிப்பு, ஏற்றிய இடத்திலிருந்தே ஓடும் இடம்பெயர் கெர்னலை 32 பிட் கணினிகளுக்குத் தந்தது. 64 பிட்டுக்கும் அதே ஆண்டில் வந்தது.

மெய்நிகர் முகவரிகள் இருக்கும்போது பௌதிக இடம் எதுவானால் என்ன என்ற மறுப்பு நியாயமானதுதான். சாதாரண நிரல்களுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அந்த மெய்நிகர் அமைப்பை உருவாக்குவதே கெர்னல். அதற்கு முன் அதுவும் எங்காவது நிற்கவேண்டும். சாதனங்களுக்கோ மெய்நிகர் முகவரி என்பதே தெரியாமல் இருந்தது. ஐஎஸ்ஏ என்ற பழைய வகை விரிவாக்க அட்டைகளின் டிஎம்ஏவுக்கு 24 பிட் முகவரிதான், அதாவது முதல் 16 மெகாபைட்தான் எட்டும். கெர்னல் அங்கே அமர்ந்தால், வேறிடம் போக வழியில்லாதவர்களின் இடத்தை அது பறிக்கிறது. 2009இல் 2.6.31 பதிப்பு இயல்பு மதிப்பை 16 மெகாபைட்டாக உயர்த்தியதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

குலுக்கிப்போடும் உத்தி, கேஏஎஸ்எல்ஆர், 2014இல் 3.14 பதிப்பில்தான் இன்டெல் வகைக் கணினிகளுக்கு வந்தது. கேடம்புக்காக எழுதிய இடம்பெயர்ப்பு வசதி இல்லாமல் அது இயங்காது. பௌதிக முகவரியையும் மெய்நிகர் முகவரியையும் தனித்தனியே குலுக்கும் திறன் 2016இல் சேர்ந்தது. அதன் வலிமையை மிகைப்படுத்த வேண்டாம்: மெய்நிகர் பக்கம் ஒரு கிகாபைட்டுக்குள் இரண்டு மெகாபைட் படிகள், ஆக ஏறத்தாழ 500 இடங்களே. இப்படியெல்லாம் இடம் தானாக மாறும்போது பிசிகல் ஸ்டார்ட் எதற்கு என்று கேட்கலாம். இடம்பெயர் கெர்னலில் அது கீழ் எல்லையாகிவிட்டது. கெர்னல் எங்கே போனாலும் அதற்குக் கீழே இறங்காது. ஐஎஸ்ஏ அட்டைகள் சாதாரணக் கணினிகளிலிருந்து மறைந்து நெடுங்காலமாகியும், அவற்றுக்காக விட்டுக்கொடுத்த 16 மெகாபைட்தான் இன்றும் அதன் இயல்பு மதிப்பு.