நெடுந்தீவுக் குதிரையும் ஒரு மருந்தும்

தசைநார்ப் பாடம் வந்தால் நாங்கள் நெடுந்தீவுக் குதிரையைத்தான் உதாரணம் சொல்வோம். போர்த்துக்கேயர் கொண்டுவர, ஒல்லாந்தர் லாயம் கட்டி வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்பார்கள். அந்த லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன.

களைக்காமல் நெடுந்தூரம் நடக்க மெதுநார், பாய்ந்தோட வேகநார். ஒல்லாந்தர் காலத்தில் நல்ல ஓட்டக் குதிரை வேண்டுமென்றால் இனவிருத்தியும் பயிற்சியும்தான் வழி. 1980களில் எலிகளுக்குக் கிளென்புட்டரோல் கொடுத்துப் பார்த்தார்கள். குதிரையின் மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் மருந்து அது. தசை பருத்தது, மெதுநாரில் ஒரு பகுதி வேகநாராக மாறியது. பந்தயக்காரர்கள் சும்மா விடுவார்களா? அளவு மிஞ்சினால் இதயத்தசையும் கெடும்.

எங்கள் தீவுக் குதிரைக்கு ஊசி போட யாருமில்லை, நல்லது. 2015இல் அந்த வெளியைத் தேசியப் பூங்காவாக்கியும், கடும் வரட்சியில் குட்டை வற்றினால் செத்து விழுகின்றன. அடுத்தமுறை குறிகட்டுவானில் படகேறுகிறவர்கள், படம் எடுப்பதோடு தொட்டியில் தண்ணீர் கிடக்கிறதா என்றும் பார்த்து வாருங்கள்.