நாஞ்சில் நாட்டு நாத்தொண்டு

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாஞ்சில் நாட்டினுள் புகுவார்க்கு மலையடிவாரத்தே எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று தோவாளை. பூவும் பூத்தொடுத்தலும் இவ்வூரார்க்கு வழிவழி வந்த வாழ்வு. பொழுது புலர்வதற்கு முன்னரே இங்குள்ள பூச்சந்தையிற் பிச்சியும் மல்லிகையும் அரளியும் வந்து குவியும். இங்கே தொடுக்கப்பெறும் மாலைகள் நாஞ்சில் நாட்டுத் திருக்கோயில்களுக்கும் மலைநாட்டுத் திருக்கோயில்களுக்கும் செல்லும். அரளிப்பூவையும் நொச்சியிலையையும் மடித்து, பாய் முடைவார் போல முடைந்து, மணிகள் பதித்தாற்போலத் தோன்றச் செய்யும் மாணிக்க மாலை இவ்வூர்க் கைத்திறன்களுட் சிறந்தது. 2025-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மாலை தொடுப்பாருடைய விரல்களை யான் பலகால் நோக்கியிருந்ததுண்டு. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கண் வேறெங்கோ சென்றிருக்கும். விரல்கள் மட்டும் தம் பணியிற் பிழையா. இத்திறன் எவருடையது? தொடுப்பவருடையது என்று உலகம் கூறும். சித்தாந்தம் அவ்வளவில் நில்லாது. தனு கரண புவன போகங்கள் யாவும் உயிர்களின்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உதவியவை. ஆகவே கையும் இரவல். கையிலுள்ள திறனும் இரவல். இரவலாகப் பெற்ற பொருளை எதன்பொருட்டுப் பெற்றோமோ அதன்பொருட்டுச் செலவிடாது தனக்கே உரியதென்று பூட்டிவைத்தல் ஆணவத்தின் செயலன்றி வேறன்று.

திருப்புகலூர் முருக நாயனார் புலர்வதற்கு முன் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகைப் பூவும் கொய்து, வகைவகையாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தினார். அவருக்குத் தெரிந்த தொழில் அது. அத்தொழிலே அவர்க்குத் தொண்டாயிற்று. ஆனாயருக்குக் குழல், யாழ்ப்பாணருக்கு யாழ், திருக்குறிப்புத் தொண்டருக்கு ஆடை வெளுக்கும் கை. சேக்கிழார் பெருமான் காட்டிய அடியார்களுட் பலர் புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு தொண்டு செய்யப் புறப்பட்டவர் அல்லர் என்பதை நம்மவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

பூத்தொடுத்தலும் அலகிடுதலும் மெழுக்கிடுதலும் சரியையுள் எண்ணப்பட்டன; அவற்றில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் திருக்கோயிலைச் சாராத ஒரு திறன், குடும்ப வழக்குகளையும் வீட்டுச் சண்டைகளையும் பாடிய ஒரு நாவின் திறன், தொண்டென்று கொள்ளத்தக்கதோ? சைவ அன்பர் ஒருவர் என்னை இவ்வாறு வினவினார். அவர் கருத்திலிருந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள். அம்மையைப் பாடத் தொடங்கிய புலவர் மருமக்கள்வழி வழக்கைப் பாடி முடித்தது இறக்கமன்றோ என்பது அன்பரின் ஐயம். அதற்கு அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இதனை எழுதலானேன்.

தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்ததே நாஞ்சில் நாடு. அகத்தீசுவர வட்டத்துத் தேரூரிலே 1876-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை, தாயார் ஆதிலட்சுமியம்மையார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்ததும் அவ்வாண்டிலேதான். இளமையிலேயே தந்தையை இழந்த அப்பிள்ளைக்குப் பள்ளியிற் கிடைத்தது மலையாளக் கல்வி. நாடு திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்த காலம் அது. வீட்டிலே பேசுவது தமிழ், ஏட்டிலே எழுதுவது மலையாளம் என்றிருந்த பிள்ளைகள் அந்நாளில் எத்துணையோ பேர்.

தேரூரை அடுத்த வாணன்திட்டிலே திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளைமடம் ஒன்றிருந்தது. அதன் தலைவராக விளங்கியவர் சாந்தலிங்கத் தம்பிரான் சுவாமிகள். பிள்ளையவர்கள் தமிழ் கற்றது அவரிடத்திலேயே. சுவாமிகளின் பெயரைத் தமிழுலகம் இன்று அறிவதும் இம்மாணாக்கர் ஒருவராலேயே. யானும் மடத்துத் திண்ணையிலே பயின்றவன் ஆதலின் அக்கல்வி எத்தகையது என்பதை ஒருவாறு அறிவேன். அங்கே மணிக்கணக்கில்லை, சம்பளமில்லை, மாணாக்கன் பாடத்தை ஒப்புவிக்கும்போது ஒரு சீர் பிறழ்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியர்க்கோ தாம் கற்பிப்பது எவ்விடத்துச் சென்று பயன்படும் என்னும் கணக்குமில்லை. சிவஞான முனிவர் மரபிலே வந்த ஆதீனத்தின் கல்வி, நாட்டின் தென்கோடியிலே ஒரு கிளைமடத்துத் தம்பிரான் வாயிலாகத் தந்தையற்ற ஒரு சிறுவனை அடைந்தது. திறன் இறைவன் தந்தது என்பது உண்மை. அதனைத் தட்டி எழுப்பியது சுவாமிகள் தம் கடன் எனக் கருதிய ஒன்று.

அக்கல்வியின் முதற்பயன் வடிவீசுவரத்து அம்மை மீது பாடிய அழகம்மை ஆசிரிய விருத்தம். மடத்துப் பிள்ளை தேவியைப் பாடுதல் வியப்பன்று. வியப்பு பின்னர் நிகழ்ந்தது.

இனி அவ்வழக்கைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வெளிநாட்டு அன்பர்கட்கு இது புதிதாகலாம். நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு சாரார் மருமக்கள்வழியினர். ஒருவன் இறந்தால் அவன் சொத்து அவன் பெற்ற மக்களுக்குச் செல்லாது. உடன்பிறந்தாள் மக்களுக்கே செல்லும். குடும்பச் சொத்தை ஆளுபவர் காரணவர் எனப்படும் மூத்த ஆண்மகன். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரால் ஒரு சிறு பங்கு உண்டு. அதனைப் பெறுவதற்கும் வழக்காட நேர்வதுண்டு. மலைநாட்டு நாயர் குலத்திலும் மருமக்கள்வழி இருந்தது. ஆனால் அங்கே பெண் தான் பிறந்த தறவாட்டிலேயே இருப்பாள். கணவன் இறந்தாலும் அவள் இருக்கும் கூரை பிறர்க்குரியதன்று. நாஞ்சில் நாட்டிலோ பெண் கணவன் வீட்டுக்குச் செல்லுவாள். ஆண்டுகள் பல அங்கே உழைப்பாள். கணவன் கண்மூடியதும் அவ்வீடு அவன் மருமகனுடையதாகிவிடும். சொத்துரிமை ஒரு வழியிலும் குடியிருப்பு மற்றொரு வழியிலும் சென்றமையால் இடையே நசுக்குண்டவர் பெண்டிரும் பிள்ளைகளுமே. அவ்வழக்கின் கொடுமையெல்லாம் இவ்வொரு முரணில் அடங்கும் என்பது என் துணிபு.

என் பாட்டியார் இதனைத் தம் உடம்பிலே பட்டறிந்தவர். அவர்தம் தந்தையார் இறந்த பதினாறாம் நாள் கழிந்ததும், தாயும் பெண்மக்களும் உழக்கும் உறியும் எடுத்துக்கொண்டு தாய்வீடு திரும்பினராம். அங்கே காரணவராக இருந்த மாமனோ வயல்களை ஒவ்வொன்றாக ஈடுவைத்து வழக்காடிக்கொண்டிருந்தவர். ஒரு வீட்டில் உரிமையில்லை. மற்றொரு வீட்டில் உரிமையிருந்தும் உணவில்லை.

இத்தகைய இல்லங்களின் கதையையே பிள்ளையவர்கள் மருமக்கள்வழி மான்மியமாகப் பாடினார். 1917-18-ஆம் ஆண்டுகளிலே தமிழன் என்னும் இதழில் அது வெளிவந்தது. நூலுருப் பெற்றது 1942-இல். ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் கதையைத் தானே சொல்லுவதாக அமைந்தது. நடை அகவல், சொற்கள் நாஞ்சில் நாட்டு அடுக்களையிலும் முற்றத்திலும் வழங்குவன. ஆனால் அமைப்போ புராண அமைப்பு! குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாத்திரப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம் என்றெல்லாம் தலைப்புக்கள். கோடு என்றது ஈண்டு நீதிமன்றத்தை. தலபுராணங்களைத் திண்ணையிலே கற்ற நாவன்றோ, வழக்காடிக் கெட்ட குடும்பத்துக்கும் ஒரு புராணம் செய்தது! சிரித்துக்கொண்டே படிப்பவர் ஒரு பக்கத்தில் திடீரென்று சிரிப்பு நின்றுவிடக் காண்பர். மடத்துக் கல்வி இதற்குத்தான் பயன்பட்டதோ என்று முகஞ்சுளிப்பார்க்கு, அக்கல்வியில்லையேல் இந்நூல் இவ்வாறு அமைந்திராது என்பதே யான் கூறுவது.

1926-ஆம் ஆண்டில், கொல்லம் 1101-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரிலே நிறைவேறியது. பாகம் பிரித்தலும் மக்கள் தந்தையின் சொத்தில் உரிமை பெறுதலும் அதனால் கைகூடின. இச்சட்டம் மான்மியம் ஒன்றினாலேயே வந்தது என்று சிலர் எழுதுவர். அது மிகை. சமுதாயத் தலைவர் பலர் பல்லாண்டு முயன்றனர், மனுக்கள் எழுதினர், கூட்டங்கள் கூட்டினர். அவர்கள் உழைப்பைப் புலவர் ஒருவர் தலையில் ஏற்றிப் புகழ்தல் அவர்க்கும் புகழாகாது. பாட்டின் பணி வேறு. மனு அரசனிடம் செல்லும். பாட்டு அடுக்களைக்குச் செல்லும். கொடுமையைக் கொடுமையென்று உணராது பழகிப்போனவர்க்கு அதனைக் கண்முன் காட்டியது பாட்டு. மாமியும் மருமகளும் ஒருங்கிருந்து கேட்டு நகைத்த ஒரு வழக்கம் அதன்பின் எத்துணைக் காலம் நிற்கும்?

இப்பொழுது அன்பரின் ஐயத்துக்கு வருகின்றேன். திருமருகலை நினைக்க. வணிகன் ஒருவன் பாம்பு தீண்டி இறந்தான், அவனை நம்பி உடன்வந்த பெண்ணுக்குத் தாயுமில்லை, தமருமில்லை, இரவெல்லாம் அழுதாள். திருஞானசம்பந்தப் பெருமான் அவ்வழுகுரல் கேட்டுச் சென்றார், பதிகம் பாடினார், வணிகன் எழுந்தான், மணமும் செய்துவைத்தார். ஞானப்பால் உண்ட திருவாயின் பாட்டு ஒரு தனிப்பெண்ணின் வாழ்வுக்காகச் செலவாயிற்று. அதனால் அப்பாட்டுக் குறைந்ததோ? திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் நாவரசரும் படிக்காசு பெற்று அடியார்க்குச் சோறிட்டதும் பாட்டின் வழியாகவே. நாவரசர் தம் கடன் இன்னதென்று உரைத்த திருவாக்கை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். ஓதிவிட்டு, கடன் என்பது கோயில் மதிலுக்குள்ளே முடிந்துவிடுவதாக எண்ணிக்கொள்கின்றோம். திருமூலர் கோயிலிலுள்ள இறைவனுக்குக் கொடுத்தது நடமாடும் மனிதரைச் சேராது என்றும், மனிதர்க்குக் கொடுத்தது இறைவனைச் சேரும் என்றும் தெளிவுறக் கூறியிருக்கவும் இம்மயக்கம் நம்மை விட்டபாடில்லை.

சமயகுரவரோடு ஒரு புலவரை ஒப்பிடுகின்றேன் என்று எவரும் கொள்ளற்க. மலை எங்கே, மடு எங்கே! கணவனை இழந்து வாயிலில் நின்று அழும் பெண்ணின் குரல் மட்டும் இரண்டிடத்தும் ஒன்று. அதனைக் கேட்டவர் தம்மிடம் உள்ளதைக் கொண்டு எழுந்தனர். பிள்ளையவர்களிடம் இருந்தது அகவலும் நகைச்சுவையும். பாடியபின் அவர் அதனால் பெற்றதும் பெரிதன்று. தம்மவர் பலரைச் சுட்ட பாட்டு அது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். முப்பத்தாறு ஆண்டுகள் அவர் ஆசிரியர். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் கற்பித்து, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் பணியாற்றி, 1931-இல் ஓய்வு பெற்றார். பின்னர் புத்தேரியிலே தங்கினார். குழந்தைகளுக்கு அவர் பாடிய பாட்டுக்கள் தமிழ்ப் பள்ளிகளில் இன்றும் ஒலிக்கின்றன. தோவாளை வட்டத்து அழகியபாண்டிபுரத்திலே பெரியவீட்டு முதலியார் இல்லத்திற் கிடந்த பழைய ஓலைகளை ஆராய்ந்து, நிலமும் வரியும் அடிமை விலையும் பற்றிய செய்திகளை வெளிக்கொணர்ந்த முன்னோடியும் அவரே. காந்தளூர்ச் சாலை பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1938-இல் வெளிவந்த அவர் பாடல் தொகுதிக்கு மலரும் மாலையும் என்பது பெயர். 1940-ஆம் ஆண்டு திசம்பர் 24-ஆம் நாள் சென்னையிலே தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் கவிமணி என்னும் பட்டம் வழங்கினார். 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் மறைந்தார். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்ததை அவர் காணவில்லை, அது 1956-இல்.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். ஆயினும் மான்மியத்தின் அடிகள் பல அவர்க்கு மனப்பாடம். யாரோ படிக்கக் கேட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுச் சுவாமிக்குப் பிச்சிப்பூத் தொடுத்துக்கொண்டே சொல்லுவார்; நாங்கள் சுற்றியிருந்து கேட்போம். மாமி அரசியல் வந்தால் அவரும் சிரிப்பார். கோடேறிய படலம் வந்ததும் நாரைக் கீழே வைத்துவிட்டு, “இது எங்க மாமன் கதையாக்கும், மக்கா” என்பார். சற்றுப் பொறுத்து மறுபடியும் நாரை எடுத்துக்கொள்வார்.