தட்டுக்கு அடியில ஒரு அச்சு

அப்பாவோட ரிக்கார்டு பிளேயர்ல பாட்டுக்கு அடியில ஒரு உறுமல் இருந்துகிட்டே இருக்கும். மாட்டுவண்டி ஓட்டினவனுக்குத் தெரியும், அது அச்சு தேஞ்ச சத்தம்.

சாவி கொடுக்கிற கிராமபோன்ல தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்து. ஊசி உரசுற இரைச்சல்ல அச்சு சத்தம் அமுங்கிடும். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 33⅓ சுத்து எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. வரி மெலிசாச்சு, இரைச்சல் குறைஞ்சது. அச்சோட குத்தம் வெளியே தெரிஞ்சுடுச்சு.

லேத் பட்டறையில வெண்கல புஷ் கடைஞ்சு, அடியில புது இரும்புக் குண்டு போட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். பெல்ட்டைக் கழட்டிச் சுத்திவிட்டா முன்னைவிட ரொம்ப நேரம் சுத்துது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஊசியை வெச்சுப் பார்த்தேன். உறுமல் இல்லை.

அப்புறம் காருகுறிச்சியார் நாதஸ்வரம் போட்டேன். இத்தனை வருஷம் ஒத்துன்னு நினைச்சதுல பாதி அச்சு சத்தம்தான்! அப்பா அசல் ஒத்தைக் கேக்காமலே போயிட்டார்.