பிரேசிலில் நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் ஏற்படும் பைங்குடில் வளிம உமிழ்வு

பிரேசிலில் நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் ஏற்படும் பைங்குடில் வளிம உமிழ்வு என்பது, அந்நாட்டின் காடுகளும் புல்வெளிகளும் மேய்ச்சல் நிலமாகவோ விளைநிலமாகவோ மாற்றப்படும்போது வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயு, மீத்தேன் முதலிய வளிமங்களைக் குறிக்கும். பெரும்பாலான தொழில்வள நாடுகளில் நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றை எரிப்பதே உமிழ்வின் முதன்மைக் காரணம் ஆகும். பிரேசிலிலோ காடழிப்பே நெடுங்காலமாக முதலிடத்தில் உள்ளது. காலநிலைக் கண்காணிப்பகம் என்னும் அமைப்புகளின் கூட்டமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023இல் நாட்டின் மொத்த உமிழ்வு ஏறத்தாழ 230 கோடி டன். அதில் 46 விழுக்காடு நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் உண்டானது.

கணக்கிடும் முறை

மரங்களின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம் ஆகும். காடு வெட்டப்பட்டு எரிக்கப்படும்போது இக்கரிமத்தின் ஒரு பகுதி உடனடியாகக் கரியமில வாயுவாகிறது. எஞ்சிய கட்டைகளும் வேர்களும் பல ஆண்டுகளில் மட்கி வாயுவை வெளியிடுகின்றன. உமிழ்வைக் கணக்கிட, அழிக்கப்பட்ட பரப்பளவானது ஓர் எக்டேரில் உள்ள கரிமத்தின் அளவால் பெருக்கப்படுகிறது. ஒரு டன் கரிமம் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, அமேசான் நிதியம் தொடக்கத்தில் ஓர் எக்டேருக்கு 100 டன் கரிமம் என்ற குறைந்த மதிப்பைப் பயன்படுத்தியது. இதன்படி ஓர் எக்டேர் காட்டின் அழிவு 367 டன் கரியமில வாயுவுக்கு நிகராகும். அடர்ந்த காடுகளில் உண்மையான அளவு இதனினும் கூடுதலாகும்.

பரப்பளவுத் தரவுகளைப் பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் வழங்குகிறது. இந்நிறுவனத்தின் புரோடெஸ் திட்டம் 1988 முதல் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் அளந்து வருகிறது. இதன் கணக்காண்டு ஆகஸ்டு முதல் அடுத்த ஜூலை வரை ஆகும்.

வரலாறு

தொடக்க காலம்

போர்த்துக்கேயர் வருகைக்குப் பின் முதலில் அழிந்தது கடலோரத்து அட்லாண்டிக் காடு ஆகும். பிரேசில் மரம், கரும்பு, காப்பி ஆகியவற்றுக்காக இக்காடு நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டது. நாட்டின் பெயரே பிரேசில் மரத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அமேசானில் பெரும் மாற்றம் இராணுவ ஆட்சிக் காலத்தில் (1964–1985) தொடங்கியது. 1972இல் அமேசான் குறுக்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. குடியேற்றத் திட்டங்களும் கால்நடைப் பண்ணைகளுக்கான வரிச் சலுகைகளும் காட்டின் உட்பகுதியைத் திறந்துவிட்டன. இதனை எதிர்த்த இரப்பர் பால் எடுப்போர் சங்கத் தலைவர் சிக்கோ மென்டெஸ் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். காடழிப்பு உலகின் கவனத்தை ஈர்க்க இந்நிகழ்வு ஒரு காரணமாயிற்று.

உச்சமும் சரிவும்

1995இல் காடழிப்பு இதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவை எட்டியது. அடுத்த ஆண்டில், அமேசான் காட்டுப் பகுதியில் தனியார் நிலவுடைமையாளர் காடாகவே விட்டுவைக்க வேண்டிய பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எனினும் மாட்டிறைச்சி, சோயா அவரை ஆகியவற்றின் விரிவாக்கத்தால் 2004இல் காடழிப்பு மீண்டும் உச்சத்தை நெருங்கியது.

அமேசான் காடழிப்பு, புரோடெஸ் அளவீடு (சதுர கிலோமீட்டரில், ஏறத்தாழ):

1995 – 29,100
2004 – 27,800
2012 – 4,600
2019 – 10,100
2021 – 13,000
2023 – 9,000
2025 – 5,800

2004இல் அரசு அமேசான் காடழிப்புத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் மரீனா சில்வா. செயற்கைக்கோள் எச்சரிக்கை, களச் சோதனை, புதிய காப்புக் காடுகள், விதிமீறிய பண்ணைகளுக்கு வங்கிக்கடன் மறுப்பு ஆகியன ஒருங்கே செயற்படுத்தப்பட்டன. புதிதாக அழிக்கப்பட்ட அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என வணிக நிறுவனங்கள் 2006இல் உடன்பட்டன. எட்டே ஆண்டுகளில் காடழிப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது.

மீண்டும் உயர்வு

2012இல் திருத்தப்பட்ட வனச் சட்டம், 2008 ஜூலைக்கு முன் நிகழ்ந்த விதிமீறல்கள் பலவற்றுக்குத் தண்டத் தொகையிலிருந்து விலக்கு அளிக்க வழிசெய்தது. அதன்பின் காடழிப்பு படிப்படியாக ஏறியது. சயீர் பொல்சொனாரோவின் ஆட்சியில் (2019–2022) கண்காணிப்பு தளர்ந்தது. அமேசான் நிதியமும் முடங்கியது. காடழிப்புத் தரவுகள் பொய்யானவை எனக் குடியரசுத் தலைவர் குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்த சர்ச்சையில், 2019 ஆகஸ்டில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவு பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதிக் கணக்கும் காடழிப்பு உயர்ந்ததையே உறுதி செய்தது. 2020க்குள் அமேசான் காடழிப்பை ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீட்டராகக் குறைக்கும் தேசிய இலக்கு எட்டப்படவில்லை.

2023இல் லூலா ட சில்வா மீண்டும் பதவியேற்றபின் செயல்திட்டமும் நிதியமும் புத்துயிர் பெற்றன. காடழிப்பு மீண்டும் குறைந்தது.

செராடோ

செராடோ என்பது நடுப் பிரேசிலின் வெப்பமண்டலப் புன்னில வெளியாகும். இங்கு மரங்கள் குறைவாயினும் ஆழமான வேர்களிலும் மண்ணிலும் மிகுந்த கரிமம் அடங்கியுள்ளது. இதன் பெரும்பகுதியில் தனியார் நிலத்தில் 20 விழுக்காட்டை மட்டும் காத்தால் போதுமானது என்பதால், சட்டத்திற்கு உட்பட்டே பெருமளவு அழிக்க இயலும். 2023இல் செராடோவில் அழிந்த பரப்பு (ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர்) அமேசானில் அழிந்ததைவிடக் கூடுதலாகும்.

கணக்கீட்டின் வரம்புகள்

புரோடெஸ் 6.25 எக்டேருக்கு மேற்பட்ட முழு அழிப்பை மட்டுமே ஆண்டு வீதத்தில் சேர்க்கிறது. காட்டுத்தீயாலும் தேர்ந்த மரவெட்டாலும் காடு நலிவது இதில் அடங்காது. எனவே, 2024ஆம் ஆண்டின் வறட்சியில் நிகழ்ந்ததுபோல், காடழிப்பு குறையும் ஆண்டிலும் தீயினால் உமிழ்வு மிகலாம்.

காப்புக் காடுகளும் பழங்குடியினர் நிலங்களும் உறிஞ்சும் கரிமத்தைக் கழிப்பதா இல்லையா என்பதைப் பொறுத்து நிகர உமிழ்வும் மொத்த உமிழ்வும் பெரிதும் வேறுபடும். மாடுகள் வெளியிடும் மீத்தேன் வேளாண்மைத் துறையின் கணக்கில் சேர்வதால், மேய்ச்சலின் முழுத் தாக்கம் நிலப்பயன்பாட்டுப் பிரிவில் தெரிவதில்லை.

லூசியானா கட்டி தலைமையில் 2021இல் வெளியான ஆய்வு, தென்கிழக்கு அமேசான் தான் உறிஞ்சுவதைவிடக் கூடுதலான கரிமத்தை வெளியிடுவதாகக் கண்டறிந்தது. காடே உமிழ்வின் மூலமாக மாறினால், வெட்டுவதை நிறுத்துவது மட்டும் உமிழ்வைக் குறைக்கப் போதாது.

இவற்றையும் பார்க்க

அமேசான் மழைக்காடு
காடழிப்பு
கரிமச் சுழற்சி
புவி சூடாதல்