காயாத துணிகள்

மகள் பிறந்து இருபது நாளில் அவளுடைய தொடையிடுக்கு சிவந்து கன்றிப்போனது. கிளினிக்கில் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். திரிங்காப்பிலிருந்து பாட்டி போனில் கேட்டது ஒரே கேள்விதான். "இன்னும் அந்தப் பெம்பர்ஸத்தான் மாட்டி வச்சிருக்கீங்களா?"

அடுத்த வாரம் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். பாட்டி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து அவிழ்த்தார். பழைய வாயில் சேலையைக் கிழித்து ஓரம் அடித்த சதுரங்கள், நைந்த கைலித் துண்டுகள், மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த இரண்டு துணிகள். எல்லாம் நான் பிறந்தபோது எனக்குக் கட்டியவை. என் அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் கட்டியது எதுவும் மிச்சமில்லை. "கிழிஞ்சா கரித்துணி, அதுவும் கிழிஞ்சா தரை தொடைக்க, அப்புறம் அடுப்புக்கு" என்றார் பாட்டி. பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பலமுறை துவைத்து நூல் இளகிய பழந்துணிதான் தோலுக்கு இதம் என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். அதனால் பிள்ளைத்துணி வரும்போதே பழசாக வருகிறது, போகும்போது சாம்பலாகப் போகிறது. எந்த அருங்காட்சியகத்திலும் அதைப் பார்க்க முடியாது.

அந்த வாரம் முழுக்கத் துவைத்தது நான்தான். மனைவிக்குச் சட்டப்படி 98 நாள் விடுப்பு, எனக்கு 7 நாள். 2023 ஜனவரியில்தான் இரண்டும் இப்படி மாறின. அதற்கு முன் அவளுக்கு 60, எனக்கு ஒன்றுமில்லை.

பாட்டி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை நேராக ஊற்றினால் பால்மலத்தின் கறை நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். கறை போன பிறகு சவுக்காரம், அதன் பிறகு கொதிநீர், கடைசியாக நுரை வராத வரைக்கும் அலசல். நான் வாசனைத் திரவம் ஊற்றப் போனபோது தடுத்துவிட்டார். "அத ஊத்துனா துணி மூத்திரத்த குடிக்காதுய்யா." நான் படித்தது பொறியியல். அந்தத் திரவம் இழைமேல் வழவழப்பான படலமாகப் படிந்து, நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

துவைப்பதைவிடக் காயவைப்பதுதான் இங்கே பெரிய பாடு. திரிங்காப் இன்று காய்கறி ஊர். சாலையின் இருபுறமும் நெகிழிக் கூடாரங்கள். பாட்டி வாழ்க்கைப்பட்டது இதற்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்தில். குளிர், மூடுபனி, மத்தியானமானால் மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் சொல்லவே வேண்டாம். லயத்து வீட்டில் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில்தான் துணிகள் காயும். "ஒங்கப்பன் மேல பால் வாசம் வந்ததவிட பொகை வாசம்தான் வந்துச்சு."

இந்த மலைக்குத் தேயிலை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்தார். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இதை மலைவாசத்தலம் ஆக்க முனைந்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை திறந்தது. சுற்றுலாப் பலகைகளில் இவ்வளவும் இருக்கிறது. காட்டை வெட்டி நட்ட தமிழர்கள் ஒரு வரியில் வருகிறார்கள், பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஒரு படத்தில் வருகிறார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள் என்பதைப் படம் சொல்லாது.

ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் இதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற தாய், பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். ஆயா என்பவர் பெரும்பாலும் மலையேறிக் கொழுந்து பறிக்க உடம்பு ஒத்துழைக்காத வயதான பெண். பாட்டி சொன்ன கணக்குப்படி, பிள்ளையோடு ஆறு துணியும் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் பால் கொடுக்க ஓடிவரும்போது நனைந்ததை வாங்கி இன்னும் நான்கு. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளையை இடுப்பிலும் ஈரமூட்டையைக் கையிலும் சுமந்துகொண்டு நேரே பைப்படிக்கு.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இந்தியத் தொழிலாளப் பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி ஓய்வும் படியும் தந்தது. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பெண் தொழிலாளியைச் சட்டம் கண்டுகொண்டது என்று மகிழலாம். ஆனால் அதே பத்தாண்டின் இறுதியில் எளிதில் போய்வரக்கூடிய தோட்டங்களுக்கு வகுத்த அடிப்படைக் கூலி, ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பைப்படியில் போன நேரம் இந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

1938 ஜூன் 15 அன்று இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் கங்காணி ஊருக்குப் போய்ப் புது ஆட்களைக் கப்பலேற்றி வர முடியாது. தோட்டத்துக்கு நாளைய ஆள் இனி லயத்தில்தான் பிறக்க வேண்டும். ஏணையில் கிடந்த பிள்ளை நிர்வாகத்துக்கும் வேண்டிய பிள்ளையானது அப்போதுதான். அந்தப் பிள்ளையை வயிற்றுப்போக்கும் சிரங்கும் கொண்டுபோகாமல் காத்ததில், எடுத்த எடுப்பில் பெண்கள் கொதிக்கவைத்த துணிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதைச் செய்தவர்கள் தோட்டத்தின் எதிர்காலத்துக்காகச் செய்யவில்லை, தங்கள் பிள்ளைக்காகச் செய்தார்கள். பலன் இரண்டு பக்கமும் போனது, கூலி ஒரு பக்கமும் வரவில்லை.

நான் தேடிப் படித்ததில் ஒரே ஒரு சட்டம்தான் இந்த வேலையைப் பெயர் சொல்லி அழைத்தது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 48-ஆவது பிரிவு. குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளைகளின் துணியைத் துவைக்கவும் மாற்றவும் வசதி செய்து தரவேண்டும் என்று விதி வகுக்கலாம் என்றது. அதை எழுதிய மேசையில் யாரோ ஒருவருக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் இருந்திருக்கிறது.

பெரியத்தை பிறந்தது 1963. அதே வருடம்தான் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை முடிந்தது. தெலோம் ஆற்றின் தண்ணீரைச் சுரங்கம் வழியாக பெர்தாம் ஆற்றுக்குத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டம். படிக்கும்போது அதன் வரைபடங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். இந்த மலையின் ஓடைகளையெல்லாம் விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பாட்டியின் கணக்கை நான் போட்டேன். நாளைக்குப் பத்துத் துணி, ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் என்றால் 7,300 துணி. ஐந்து பிள்ளைக்கு 36,500. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று தண்ணீரில் அலச வேண்டும். சொன்னபோது பாட்டி சிரித்தார். "அதான் இந்த முட்டி இப்படி ஆயிருச்சா?"

பெரியத்தை பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1961-இல், அமெரிக்காவின் பியோரியா நகரில் பாம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த விக்டர் மில்ஸ் ஒரு வேதிப்பொறியாளர். பேரப்பிள்ளைக்குத் துணி மாற்றிச் சலித்துப்போனவர் என்பார்கள். எங்கள் தொழிலில் பல கண்டுபிடிப்புகள் இப்படித்தான், வேலை ஓர் ஆணின் கைக்கு வந்தபிறகு பிறக்கின்றன. அது எங்கள் மலைக்கு வந்து சேரப் பல காலம் ஆனது. வந்தபோது பெண்களுக்கு உண்மையிலேயே விடுதலையாக இருந்தது. துணிதான் உசத்தி, பழமைதான் நல்லது என்று நான் எழுதினால் பாட்டியே ஒப்புக்கொள்ளமாட்டார். "காசு இருந்திருந்தா நானும் அதத்தான் வாங்கியிருப்பேன்" என்று அலுங்காமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு அவருடைய பழைய லயத்துப் பக்கம் போனேன். இப்போது மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தப் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லை. இங்கே கல்யாணம் செய்யவும் கூடாது. பெண்ணாக இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பச் சோதனையும் உண்டு, கர்ப்பம் என்று தெரிந்தால் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு காலத்தில் பிரசவத்துக்குப் படி கொடுத்து லயத்தில் பிள்ளை பிறக்கக் காத்திருந்த தொழில், இன்று பிள்ளையே பிறக்காத உடம்பைக் கேட்டு வாங்குகிறது. பிள்ளை வளர்க்கிற செலவும் துவைக்கிற வேலையும் கடலுக்கு அப்பால் யாரோ ஒரு பாட்டியின் தலையில்.

பாட்டி காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கொடிக்கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்களின் காற்சட்டைகள், பந்தாட்டச் சட்டைகள், ஒரு போர்வை.

"ஒரு புள்ளத்துணிகூட இல்லையேடா" என்றார்.

திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அந்தி சாய்ந்தபின் பிள்ளைத்துணி வெளியே கிடக்கக்கூடாது என்று வழியெல்லாம் அவசரப்படுத்தினார். வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கொடியில் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இன்னும் ஈரம். பாட்டி அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.