இடப்பெறுமானமும் குழந்தையின் கையும்: எண் கற்பித்தலின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஆரம்ப வகுப்பு ஆசிரியர் யாவரும் அறிந்த பிழையொன்று உண்டு. ‘நூற்றைந்து’ என்று சொல்லி எழுதுமாறு பணித்தால் குழந்தை 1005 என எழுதும். ‘முந்நூற்று இருபத்தைந்து’ 300205 ஆகிவிடும். இப்பிழை கவனக்குறைவின் விளைவாக அல்லது மந்தபுத்தியின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. பலவிடங்களில் தண்டனைக்கும் உரியதாகின்றது. ஆயின், பழந்தமிழ்க் கணக்கர் இவ்வெண்களை எவ்வாறு எழுதினர் என்பதை நினைவுகூர்தல் தகும். அவர்கள் நூற்றைந்தை ௱௫ என்றும், முந்நூற்று இருபத்தைந்தை ௩௱௨௰௫ என்றும் எழுதினர். நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி. சொல்லின் வரிசையே எழுத்தின் வரிசை. நமது குழந்தை செய்வதும் ஏறத்தாழ இதுவே. செவியிற் கேட்ட ஒவ்வொரு பெறுமானத்தையும் அது தனித்தனியே எழுதிவிடுகின்றது.

இதனைக் கொண்டு, மனித இனம் கடந்துவந்த படிகள் யாவற்றையும் ஒவ்வொரு குழந்தையும் திரும்பக் கடக்கின்றது எனப் பொறிமுறையாக முடிவுகட்டுதல் தவறாகும். குழந்தை ஆதிமனிதனன்று, எழுத்தும் நாணயமும் கடிகாரமும் சூழ்ந்த சமூகத்திற் பிறந்த உயிர் அது. எனினும், அப்பிழையில் ஒரு தருக்கம் உண்டு என்பதும், அத்தருக்கம் ஒருகாலத்தில் ஒரு சமூகத்தின் முறையான எழுத்தாகவே விளங்கியது என்பதும் மனங்கொளத்தக்கவை. இடப்பெறுமானம் இயல்பாகவே வெளிப்படையான ஓர் உண்மையன்று. அது நெடிய சமூக உழைப்பின் விளைபொருள். அவ்வுழைப்பின் தடயத்தைத் தன்னுள் மறைத்து நிற்கும் விளைபொருள். சிறாருக்கு அதனைக் கைச்செயல்கள் மூலம் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இவ்வடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

எண் என்னும் கருத்து தூய சிந்தையின் சுதந்திரப் படைப்பன்று என்பதை ஏங்கெல்ஸ் 1878இல் வெளிவந்த டூரிங்குக்கு மறுப்பில் வலியுறுத்தினார். மனிதர் எண்ணக் கற்றுக்கொண்ட பத்து விரல்களையே அவர் சான்றாகக் காட்டினார். இடப்பெறுமானத்தைப் பொறுத்து இக்கூற்றை மேலும் விரித்துச் சொல்லலாம். எழுத்தில் இடம் பெறுமானம் பெறுவதற்கு முன்னர், பல நாகரிகங்களில் பலகையின் மீதும் தரையின் மீதும் அது பெறுமானம் பெற்றிருந்தது. சீனக் கணக்கர் கட்டமிட்ட பலகையிற் குச்சிகளைப் பரப்பிக் கணித்தனர். ஒரே குச்சி ஒரு கட்டத்தில் ஒன்றையும் இடப்பக்கத்துக் கட்டத்திற் பத்தையும் குறித்தது. எதுவுமில்லாத கட்டம் வெறுமையாகவே விடப்பட்டது. உரோமர் கற்களை நகர்த்திக் கணக்கிட்டனர். கணித்தலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் சில, சிறுகல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை.

பூச்சியத்தின் வரலாறும் இவ்வாறானதே. பிரமகுப்தர் 628இல் பூச்சியத்துடன் செய்யும் கணிப்புகளுக்கு விதிகள் வகுத்தார். குவாலியர்க் கோயிலொன்றின் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டிலே 270, 50 என்னும் எண்கள் பூச்சியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு 270 என்பது கோயிலுக்கு விடப்பட்ட தோட்டத்தின் நீளம். 50 என்பது நாள்தோறும் கொடுக்கப்பட வேண்டிய மாலைகளின் தொகை. ஞானிகளின் சூனியம் பற்றிப் பலவாறு பேசப்படினும், கல்லிற் பொறிக்கப்பட்ட பூச்சியத்தை நாம் காண்பது நில அளவையிலும் கொடைக் கணக்கிலுமேயாம்.

இவ்வெண்முறை எல்லா இடத்தும் உடனடியாக வரவேற்கப்படவுமில்லை. 1299இல் புளோரன்ஸ் நகரின் நாணயமாற்றுவோர் சங்கம் தன் உறுப்பினர் கணக்கேடுகளில் இவ்விலக்கங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஓரிலக்கம் கூடினும் குறையினும் பெறுமானம் பன்மடங்கு மாறிவிடும் முறையிலே மோசடி எளிது என்ற அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படுவதுண்டு. தடை நிலைக்கவில்லை. வணிக மூலதனத்தின் வளர்ச்சி கற்பலகையை ஒதுக்கி, எழுத்துக் கணக்கை நிலைநாட்டியது. அதனோடு, இடத்திற்குப் பெறுமானம் தந்த கையின் செயலும் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

2

தமிழ்ச் சூழலில் இவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. ௰, ௱, ௲ ஆகிய குறிகளைக் கொண்ட எண்முறை பின்தங்கிய நிலையின் அடையாளம் எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. கிராமியப் பொருளாதாரத்தின் கணக்குப் பதின்ம அடிப்படையில் அமைந்ததன்று. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரு மரக்கால் ஒரு கலம். நிலத்தைப் பங்கிடவும் வாரத்தைப் பிரிக்கவும் இருபதில் ஒன்றாகிய மாவும், எண்பதில் ஒன்றாகிய காணியும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியும் தேவைப்பட்டன. கணித்தல் மனத்திலும் வாயிலும் நடைபெற்றது. எழுத்து விடையைப் பதிவு செய்தது. அத்தகைய எழுத்துக்கு இடப்பெறுமானம் இன்றியமையாததாகவில்லை.

திண்ணைப் பள்ளியின் எண்சுவடி இத்தேவையின் வெளிப்பாடே. சிறுவர் மணலில் விரலால் எழுதினர். சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனையோர் சேர்ந்து சொல்லி மனனம் செய்தனர். அப்பயிற்சி வியக்கத்தக்க நினைவாற்றலை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், அங்கு இயங்கியது கணக்கனின் கை. எண்ணிப் பார்க்கும் கையன்று. உழுதவனும் கதிர்கட்டு எண்ணியவளும் திண்ணைக்கு வெளியே நின்றனர். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமிருக்கவில்லை.

இடப்பெறுமானத்தின் கரு உழைப்பாளரின் வழக்கிலேயே இருந்தமை இங்கு அவதானிக்கத்தக்கது. தேங்காய் எண்ணுவோர் ஒவ்வொரு நூறு முடிந்ததும் ஒரு காயைப் புறம்பாக எடுத்து வைப்பர். குவியலிற் கிடக்கும் காய் ஒன்று. புறத்தே வைத்த காயோ நூறு. பொருள் ஒன்றே, இடமே பெறுமானத்தைத் தீர்மானிக்கின்றது. எண்சுவடியைக் கண்ணாற் காணாதவர்கள் இக்கருத்தைக் கையாற் கையாண்டனர்.

1825இல் வெளிவந்த இராமசாமி நாயக்கரின் கணித தீபிகை இவ்வகையில் ஒரு திருப்புமுனை எனலாம். தமிழிலக்கங்களுடன் பூச்சியத்தைச் சேர்த்து, ௰, ௱, ௲ ஆகிய குறிகளின்றி இடமுறையில் எழுதும் வழியை அது தமிழ் மாணாக்கருக்கு எடுத்துரைத்தது. கும்பினி ஆட்சியின் வருவாய் நிருவாகமும் அச்சிட்ட பாடநூலும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. புதிய முறை கணிப்பைச் சுருக்கியது. அதே வேளையில் கற்போனுக்குப் புதியதோர் இடர்ப்பாட்டையும் தந்தது. முன்னர் பத்தும் நூறும் எழுத்திலே கண்ணுக்குத் தெரிந்தன. இப்பொழுது அவை இடத்தினுள் ஒளிந்துகொண்டன. பேச்சுமொழியோ பழைய முறையிலேயே நின்றது. ‘இருபது’ இரு பத்து எனத் தெளிவாகச் சொல்கின்றது. ஆனால் ‘தொண்ணூறு’ ஒன்பது பத்து என்று சொல்லாது நூற்றின் பெயரைத் தாங்குகின்றது. தொள்ளாயிரமும் அத்தகையதே. சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையிலான இப்பிளவினுள்ளேதான் 1005 என எழுதும் குழந்தை நிற்கின்றது.

3

கைச்செயற் கல்வியின் நவீன வரலாற்றிலே சென்னைக்கு ஓர் எதிர்பாராத இடமுண்டு. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தமது விடுதியிற் புகுத்தினார். அதனை விளக்கும் அவரது நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. மணற்பலகையும் மாணவத் தலைவனும் இங்கிலாந்தின் ஏழைச் சிறார் பள்ளிகளுக்குச் சென்றன. பெருந்தொகையான பிள்ளைகளை ஓராசிரியரைக் கொண்டு மலிவாகப் பயிற்றும் இம்முறை, தொழிற்சாலை யுகத்தின் தேவைக்கு இசைந்தது. யோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலே கணக்கின் படிகளை மாணவத் தலைவன் வாசிக்க ஏனையோர் அவ்வாறே எழுதினர். கை வேலைசெய்தது, ஆனால் பிறர் ஆணைக்குப் பணியும் கையாகவே வேலைசெய்தது.

மாற்று மரபொன்றும் உருவாயிற்று. 1799இல் சுவிற்சர்லாந்தின் ஸ்டான்ஸ் நகரில் போரினால் அநாதைகளான சிறாரிடையே பணியாற்றிய பெஸ்ரலோசி, எண்ணைக் கூழாங்கல், அவரை விதை முதலிய பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். 1907இல் மரியா மொண்டிசோரி உரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பிலே தமது முதற் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த பொன்மணிகள் இடப்பெறுமானத்தை உருவத்தாற் காட்டின. தனிமணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மொண்டிசோரி, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். எனினும், தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்த அம்முறை இங்கு எவரைச் சென்றடைந்தது? ‘மொண்டிசோரி’ என்னும் பெயர் நம் நகரங்களிற் கட்டணம் பெறும் பாலர் பாடசாலைக்குப் பொதுப்பெயராயிற்று. 1945இன் இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. அக்கதவின் உள்ளே சாதாரணப் பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் கரும்பலகையும் வாய்பாடுமே.

4

விலைகூடிய மணிகள் இல்லையென்பது தடையாகாது. தென்னையீர்க்குத் துண்டுகளும் கட்டுவதற்கு நாரும் போதும். தரையில் மூன்று கட்டம் வரையலாம். எக்கட்டத்திலும் ஒன்பதுக்கு மேல் இருத்தலாகாது என்பதே ஒரேயொரு விதி. பத்தாவது ஈர்க்கு வந்ததும் பிள்ளை பத்தையும் சேர்த்துக் கட்டி இடப்பக்கம் வைக்கும். பத்துக் கட்டுகள் சேர்ந்தால் ஒரு பெருங்கட்டு. 32இலிருந்து 7ஐ எடுக்க வேண்டுமாயின் ஒரு கட்டை அவிழ்த்தேயாக வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்னும் மந்திரச்சொல் அங்கு பொருளிழந்து, கட்டவிழ்த்தல் என்னும் செயலாகின்றது.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. கட்டுக்குப் பதிலாக ஒரேயொரு புளியங்கொட்டையைப் பத்தின் கட்டத்தில் வைக்கப் பிள்ளைகள் உடன்பட வேண்டும். தேங்காய்க் குவியலின் புறத்தே வைத்த காய் போல, இப்போது உருவமன்றி இடமே பேசுகின்றது. நூற்றைந்தை வைக்கும்போது நடுக்கட்டம் வெறுமையாகும். அவ்வெறுமையை ஏட்டிற் காட்டாவிடில் 15 என்றாகிவிடும் என்பதைப் பிள்ளைகள் தமக்குள் வாதிட்டு உணர்வர். பூச்சியம் அவர்களுக்கு அப்போதுதான் தேவையாகின்றது. தேவையாகும்போதே பொருளும் பெறுகின்றது.

பொருள்களைக் கையிற் கொடுத்துவிட்டால் கருத்துத் தானே பிறக்கும் என்று நம்புவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். ஆசிரியர் ஆணையிட, பிள்ளைகள் ஈர்க்கை நகர்த்தினால் அது லங்காஸ்டரின் வகுப்பே. செயலும் உரையாடலும் இணைந்தே உயர்ந்த சிந்தனையை ஆக்குகின்றன என்பதை வைகோட்ஸ்கி உணர்த்தியுள்ளார். ஏன் கட்ட வேண்டும், ஏன் இடம் மாற்ற வேண்டும் என்ற வினாக்கள் பிள்ளைகளின் வாயிலிருந்தே எழ வேண்டும்.

இது வெறும் கற்பித்தல் நுட்பம் பற்றிய விவகாரமன்று. மலையகத்திலே கொழுந்தின் நிறையும் ‘பேரும்’ செக்ரோலிற் பதியப்பட்டபோது, பறித்த கை ஒன்றாகவும் எழுதிய கை வேறொன்றாகவும் இருந்தன. தன் உழைப்பைக் குறிக்கும் இலக்கத்தை வாசிக்க இயலாத தொழிலாளி, அதனை எதிர்த்து வினவவும் இயலாதவளானாள். ஓரிலக்கம் எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை அறிதல் அவளுக்குக் கூலியைப் பற்றிய அறிவாகும். எண்ணும் கையும் எழுதும் கையும் பிரிக்கப்பட்டமை வர்க்க சமூகத்தின் வரலாறு. அவ்விரண்டையும் ஒரே குழந்தையிடத்து மீண்டும் இணைப்பது மக்கள் கல்வியின் கடமை. 1005 என எழுதிய பிள்ளையின் ஏட்டிற் சிவப்புக் கோடிடுவதற்கு முன், அப்பிள்ளையின் கையிற் பத்து ஈர்க்குகளைக் கொடுப்போமாயின் அக்கடமை தொடங்கிவிடும்.